ஹில்டானுஸும் அவர் மனைவியின் காந்தமும்

வாசகர் கேள்வி, 4 மார்ச் 2023

ஜெர்மன் அறுவை சிகிச்சையின் தந்தை என்று ஃபாப்ரிசியுஸைச் சொல்கிறார்கள். உடற்கூறு மேதை வெசாலியுஸின் மாணவர், சிரைகளுக்குள் வால்வு இருப்பதைக் காட்டியவர், ரத்த ஓட்டத்தை விளக்கிய வில்லியம் ஹார்விக்கே பாடம் எடுத்தவர். இவ்வளவு பெரிய ஆளைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட இல்லையே, ஏன்?

5 மார்ச்

ரெண்டு பேரைச் சேர்த்து ஒரே ஆளாக்கிவிட்டீர்கள்.

வால்வும் ஹார்வியும் இத்தாலிக்காரருடையவை. அவர் அக்வாபென்டென்டேயில் பிறந்த ஜிரோலமோ ஃபாப்ரிசியோ. பாதுவா பல்கலைக்கழகத்தில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தார். சிரை வால்வுகள் பற்றிய அவரது புத்தகம் 1603இல் வந்தது, அதற்கு முந்தின வருடம்தான் ஹார்வி அங்கே பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

நீங்கள் தேடும் ஜெர்மன்காரர் வில்ஹெல்ம் ஃபாப்ரி. டுசல்டார்ஃபுக்குப் பக்கத்தில் ஹில்டன் என்ற ஊரில் 1560இல் பிறந்தவர். ஊர்ப்பெயரை ஒட்டவைத்து ஃபாப்ரிசியுஸ் ஹில்டானுஸ் என்று எழுதிக்கொண்டார். இருவரும் ஒரே காலத்தவர்கள், இருவருமே கத்தி பிடித்தவர்கள், இருவருமே லத்தீனில் ஃபாப்ரிசியுஸ். நூலக அட்டையிலேயே மாறிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன். நம் ஊரில் ஒரே தெருவில் மூணு சுப்பிரமணி இருந்தால் ரைஸ்மில் சுப்பிரமணி, போஸ்ட்மேன் சுப்பிரமணி என்று சொல்லிக்கொள்வதில்லையா, அப்படி ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொன்னால் பிரச்சினை இல்லை.

5 மார்ச், ராத்திரி

அவசரத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். வெசாலியுஸ் விஷயத்தில் உங்களைச் சுத்தமாகத் தள்ளிவிட முடியாது. வெசாலியுஸ் இறந்தபோது ஃபாப்ரிக்கு நாலு வயது, அதனால் நேரடி மாணவர் இல்லை. ஆனால் டுசல்டார்ஃப் அரண்மனையில் அவர் வேலை கற்றுக்கொண்ட கோஸ்மாஸ் ஸ்லோட் என்ற அறுவை மருத்துவர் வெசாலியுஸிடம் படித்தவர். பேரப்பிள்ளை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

6 மார்ச்

"இதெல்லாம் உங்களுக்கு எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் பிசியோதெரபிஸ்ட். 26 வருடம் தீப்புண் வார்டில் வேலை. 1607இல் தீப்புண்ணுக்கென்றே தனிப் புத்தகம் எழுதிய மனுஷன் இவர், அந்த வழியாகத்தான் எனக்குப் பழக்கம். வரலாறு படித்தவள் இல்லை.

டாக்டர் என்று போடாதீர்கள், அவர் டாக்டர் இல்லை. அப்பா இறந்துபோனதால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. 1576இல் நாய்ஸ் என்ற ஊரில் ஒரு காய மருத்துவரிடம் தொழில் பழகப் போனார். அப்புறம் டுசல்டார்ஃப், ஜெனீவா. அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய மருத்துவர் நாடி பார்ப்பார், சிறுநீரைப் பாட்டிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார், லத்தீனில் மருந்து எழுதுவார். சீழைக் கீறுவது, எலும்பு கட்டுவது, காலை எடுப்பது எல்லாம் நாவிதர் சங்கத்தோடு சேர்ந்த ஆட்களின் வேலை. ரத்தத்தில் கைவைப்பவர் ஒரு படி கீழே. நம் ஊரிலும் மருத்துவர் என்ற சொல் எந்தச் சமூகத்துக்குப் பெயராக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள், விளங்கும்.

அப்படிக் கீழ்ப்படியில் நின்றவர்தான் உடற்கூறு தெரியாமல் கத்தி எடுக்காதே என்று தொண்டை கிழியக் கத்தினார். உடற்கூறின் பயனைப் பற்றி மட்டுமே 1624இல் ஒரு புத்தகம் போட்டார். தான் பார்த்த கேஸ்களை நூறு நூறாகத் தொகுத்து வெளியிட்டார், முதல் நூறு 1606இல். மொத்தம் ஆறு நூறு. தனக்கு வந்த தோல்விகளையும் எழுதினார் என்பதுதான் எனக்கு அதில் பிடித்தது. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி விளம்பரத்தில் அதைப் பார்க்க முடியும்?

9 மார்ச்

தீப்புண் புத்தகம் பற்றிச் சொல்லச் சொன்னீர்கள்.

தீப்புண்ணை மூன்று படியாகப் பிரித்தார். சிவந்து கொப்புளம் போடுவது முதல் படி. தோல் வாடிச் சுருங்குவது இரண்டாவது. கருகிப் பொருக்காகிவிடுவது மூன்றாவது. ஆழத்தை வைத்துத்தான் வைத்தியம் என்ற யோசனை அதில் இருக்கிறது. நாங்கள் வார்டில் ஃபர்ஸ்ட் டிகிரி, செகண்ட் டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது இதே கணக்கின் பேரன்தான். எல்லைகள் மாறியிருக்கின்றன, கொப்புளத்தை இப்போது இரண்டாவதில் சேர்க்கிறோம்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது அந்தப் பிரிவு இல்லை, அதில் இருக்கும் ஒரு படம். நெருப்பில் வெந்த குழந்தையின் கை. ஆறிய வடு இழுத்து விரல்கள் கோணிப்போயிருக்கின்றன. அதை நிமிர்த்த அவர் செய்த கருவி பக்கத்தில். கைக்கு ஒரு பலகை, விரல்களைப் பிடித்துக்கொள்ள உறை, உறையிலிருந்து கயிறு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க ஏற்பாடு.

இதை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் செய்தது அதையேதான். தட்டில் வெந்நீர் வைத்து அதில் பிளாஸ்டிக் ஷீட்டைப் போடுவோம். அப்பளம் நனைந்த மாதிரி தொளதொளவென்று ஆகும். எடுத்துத் துடைத்து, கையின் உள்பக்கம் வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, விரல் அடிக்கணுவை மடக்கி, மேல் கணுக்களை நேராக வைத்து அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும். ரெண்டு மூணு நிமிஷத்தில் இறுகிவிடும். ஷீட் இல்லாத மாதங்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதுவும் தீர்ந்தால் அலுமினியப் பட்டையை வளைத்துப் பஞ்சு சுற்றிக் கட்டுவோம்.

கட்டுவது கஷ்டமே இல்லை. ராத்திரி அது கையில் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். குழந்தை அழும், ரெண்டு மணிக்கு அம்மா கழற்றிவிடுவாள். காலையில் நான் வரும் நேரத்துக்கு அவசரமாக மாட்டிவிடுவாள், தலைகீழாக. எத்தனை அம்மாக்களைத் திட்டியிருப்பேன்! எனக்கே பிள்ளை பிறந்த பிறகு திட்டுவதை விட்டுவிட்டேன். கயிறு கட்டிய அந்தக் குழந்தையையும் ராத்திரி யாரோ அவிழ்த்துவிட்டிருப்பார்கள், அது மட்டும் எனக்கு உறுதி. படத்தில் அது வராது.

9 மார்ச்

தீப்புண்ணில் பற்பசை, பேனா மை, தோசை மாவு பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள், போதும். பாட்டி வெங்காயம் தடவுவார் என்றீர்களே, பிரெஞ்சு அறுவை மருத்துவர் பாரேயும் பச்சை வெங்காயத்தை உப்போடு அரைத்துத் தடவியிருக்கிறார். உங்கள் பாட்டி நல்ல கம்பெனியில்தான் இருக்கிறார். ஆனாலும் வேண்டாம்.

13 மார்ச்

கால் அழுகினால் எங்கே வெட்டுவது? இதுதான் அவருடைய 1593 புத்தகத்தின் விஷயம். அழுகிய சதைக்கும் நல்ல சதைக்கும் நடுவில், அல்லது அழுகியதற்குள்ளேயே வெட்டுபவர்கள் அப்போது நிறையப் பேர். அங்கே ரத்தம் வராது, வலி தெரியாது, நோயாளி மேஜையிலேயே சாகவும் மாட்டார். ஆனால் மிச்சம் வைத்த அழுகல் மேலே ஏறி ஒரு வாரத்தில் ஆளைக் கொன்றுவிடும். ஃபாப்ரி மேலே போ, உயிருள்ள சதையில் வெட்டு என்றார். மேலே வெட்டினால் ரத்தம் பீறிடுமே? அதற்காகக் கட்டுக்குள் குச்சியைச் செருகி முறுக்கி இறுக்கினார், கத்தியையும் சிவக்கக் காய்ச்சி எடுத்துக்கொண்டார்.

மயக்க மருந்து வர இன்னும் 250 வருடம் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

சர்க்கரை நோயில் விரல் போனவர்களை நான் நிறைய நடக்கப் பழக்கியிருக்கிறேன். "ஒரு விரலோட விட்டுருங்க டாக்டர்" என்று கெஞ்சுவார்கள். விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே என்று மூணு தடவை தியேட்டருக்குப் போய் வந்தவர்கள் உண்டு. முதலிலேயே மேலே வெட்டியிருந்தால் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

17 மார்ச்

எல்லோரும் காந்தக் கதைக்காகத்தான் காத்திருக்கிறீர்கள் போல. சரி.

1624, பெர்ன். ஒரு விவசாயி எஃகு வாங்கப் போனார். தரம் பார்க்க ஒரு துண்டை இன்னொன்றின் மேல் தட்டினார். சில்லு தெறித்துக் கருவிழியில் குத்தி நின்றுவிட்டது. ஊரில் பார்த்த வைத்தியம் பலிக்காமல் ஃபாப்ரியிடம் வந்தார். இவரும் கருவிகளைக் கொண்டு முயன்று பார்த்துத் தோற்றார். அப்போது ஃபாப்ரியின் மனைவி மரி கொலினே, காந்தக்கல்லை வைத்துப் பார்க்கலாமே என்றார். ஃபாப்ரி இரண்டு கையாலும் இமையை விரித்துப் பிடித்துக்கொள்ள, மரி காந்தத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். வெளிச்சம் தாங்காமல் விவசாயியின் கண் கூச, விட்டு விட்டுப் பல தடவை. கடைசியில் சில்லு துள்ளிக் காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

நல்ல கதை. நான் நம்பவில்லை.

எங்கள் அப்பா கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்ப்செட் வேலை. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அப்பா கண்ணில் தூள் தெறித்துவிட்டது. பட்டறையில் அதற்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் வேட்டி நுனியை முறுக்கி எச்சில் தொட்டு ஒற்றுவார்கள். அப்புறம் சிகரெட் அட்டையின் ஓரம். வேலை பழக வந்த பையன் ஒருத்தன் பழைய ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து அதன் காந்தத்தைக் கொண்டுவந்து கண்ணெதிரே பிடித்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், நான் டார்ச் அடிக்கிறேன். தோசைக்கல் மாதிரி கறுப்புக் காந்தம், அத்தனை கிட்டே. ஒரு இம்மியும் அசையவில்லை. திங்கட்கிழமை கண் டாக்டர் ஊசி முனையால் எடுத்தார்.

ஸ்பீக்கர் காந்தத்துக்கே வராதது 1624இல் ஒரு கல்லுக்கு வந்ததா?

18 மார்ச்

"சுஸ்ருதர் இதை ரெண்டாயிரம் வருடம் முன்னாடியே சொல்லிவிட்டார்" என்று நாலு பேர் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். சுஸ்ருத சம்ஹிதையில், உடம்பில் தைத்ததை எடுக்கும் பதினைந்து வழிகளில் அயஸ்காந்தமும் ஒன்று. நாம் அயக்காந்தச் செந்தூரம் என்கிறோமே, அதே சொல்தான். ஆனால் அங்கே இருக்கும் நிபந்தனைகளையும் படியுங்கள்: பொருள் எங்கும் மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அம்புக்குக் காது, அதாவது பின்னோக்கி நீட்டிய கொக்கி, இருக்கக் கூடாது, காயத்தின் வாய் சின்னதாக இருக்கக் கூடாது. அது அம்பு எடுக்கும் அத்தியாயம், கருவிழியைப் பற்றியது இல்லை. மரி அதைப் படித்திருக்கவும் வழியில்லை. ரெண்டு பேருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் என்ன கெட்டுப்போய்விட்டது? எல்லாவற்றையும் நாமே முதலில் செய்திருக்க வேண்டுமா?

அந்த நிபந்தனைகள் என் சந்தேகத்துக்குத்தான் பலம்.

18 மார்ச், கொஞ்சம் பிறகு

மேலே சொன்னதைத் திரும்பப் படித்தேன். "மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது" என்பதைப் பிடித்துக்கொண்டால், அந்த விவசாயியின் சில்லு லேசாகத் தொங்கிக்கொண்டிருந்திருக்கலாம். ஃபாப்ரி ஏற்கெனவே கருவியால் நோண்டி அதை ஆட்டிவைத்திருப்பார். வந்திருக்கலாம்தான்.

20 மார்ச்

ஒருவர் தனிச்செய்தியில் நன்றாகக் கடிந்துகொண்டார். "மனைவி, மனைவி என்றே எழுதுகிறீர்கள், அந்த அம்மாவுக்குத் தொழில் இல்லையா?" நியாயம். மரி கொலினே ஜெனீவாக்காரர், மருத்துவச்சி. கணவரோடு ஊர் ஊராகப் போய் அறுவைத் தொழிலையும் கற்றுக்கொண்டார். எலும்பு முறிவு பார்த்திருக்கிறார். ஃபாப்ரி வெளியூர் போனால் நோயாளிகளை இவர்தான் கவனித்தார். காந்த யோசனை தன்னுடையது இல்லை, மரியுடையது என்று ஃபாப்ரியே புத்தகத்தில் எழுதிவைத்தார். அப்படியும் பிற்காலத்தில் பல இடங்களில் ஃபாப்ரி பெயரில்தான் கதை ஓடியது.

ஃபாப்ரி என்ற பெயருக்குள் இருக்கும் ஃபாபர் என்றால் லத்தீனில் கொல்லர். இரும்பு எடுத்த பெயர் கொல்லர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

25 மார்ச்

ஜெர்மன்காரரா சுவிஸ்காரரா என்ற சண்டையை நிறுத்துங்கள். ஹில்டனில் பிறந்தார், அப்போது அது பெர்க் சிற்றரசு. கொலோன், ஜெனீவா, லோசான், பாயெர்ன் என்று சுற்றினார். 1615இல் பெர்ன் நகரத்து மருத்துவரானார். அங்கேயே 1634இல் இறந்தார். ஜெர்மனி என்று ஒரு நாடே அப்போது இல்லை. ஹில்டனில் அவர் பெயரில் மியூசியம் இருக்கிறது, அதில் ஒரு பகுதி பழைய சாராய வடிப்பாலை. காய மருத்துவருக்குப் பொருத்தமான இடம்.

ஜெர்மன் அறுவை சிகிச்சையின் தந்தை என்ற பெயரை இன்னொருவருக்கும் கொடுப்பார்கள்: லோரன்ஸ் ஹைஸ்டர், 1683இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். 1718இல் ஜெர்மன் மொழியில் பெரிய அறுவைப் புத்தகம் போட்டார், அது ஜப்பான் வரைக்கும் போனது. பித்தப்பைக் குழாய்க்குள் திருகு மடிப்புகள் இருக்கிறதே, அதற்கு இன்றும் அவர் பெயர்தான். அவர் பட்டம் வாங்கிய பேராசிரியர். தந்தை யார் என்று நான் பஞ்சாயத்துக்கு வரமாட்டேன்.

25 மார்ச்

மூக்கு பற்றிக் கேட்டவருக்கு. ஜெனீவாவில் ஃபாப்ரிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த ஜான் கிரிஃபோன், மூக்கறுபட்ட ஒரு பெண்ணுக்கு மூக்கு வைத்தார். 1590 வாக்கில் பக்கத்துச் சவோய் சிற்றரசின் படைவீரர்கள், இணங்காத அவள் மூக்கை அறுத்துவிட்டார்கள். மூக்கு நன்றாகவே அமைந்தது, குளிர்காலத்தில் மட்டும் நீலம் பாய்ந்தது என்று ஃபாப்ரி எழுதுகிறார். ஒட்டுப்போட்ட தோலை ஊட்டியில் டிசம்பரில் பார்த்தவர்கள் இதை நம்புவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

2 ஏப்ரல்

பெரிய பிழை. என்னுடையது.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது 81. சாப்பிடும்போது காந்தக் கதையைச் சொல்லி, "நம்ம ஸ்பீக்கர் காந்தத்துக்கே வரலியே, அந்தம்மா கல்லுக்கு எப்படிப்பா வரும்" என்றேன். அப்பா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, அன்னிக்கு ஓட்டுனது கன்மெட்டல் புஷ்ஷு. கன்மெட்டல் எப்படிக் காந்தத்துல ஒட்டும்?"

"அப்ப அந்தப் பையன் காந்தத்தைப் புடிச்சப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"ஆசையா ஸ்பீக்கர உடைச்சுட்டு வந்தான். வேண்டாங்கறதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

40 வருடமாக ஒரு சோதனை தோற்றது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சோதனை நடக்கவே இல்லை.

3 ஏப்ரல்

கன்மெட்டல் தெரியாதவர்களுக்கு: செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பம்ப் புஷ்ஷுக்குப் போடுவார்கள். எஃகு லேத்தில் சுருள் சுருளாக வரும். கன்மெட்டல் மணல் மாதிரி பொரிந்து முகத்தில் அடிக்கும். கண்ணில் விழுவது அதனால்தான் அதிகம். இரும்பாக இருந்தால் ரெண்டு நாளில் கருவிழியில் துரு வளையம் கட்டியிருக்கும். "நல்லவேளை துரு இல்லை" என்று அந்த டாக்டர் சொன்னது காதில் விழுந்தும் எனக்கு இத்தனை வருடம் உறைக்கவில்லை.

ஆகவே 17ஆம் தேதி எழுதியதில் கடைசிப் பத்தியை வாபஸ் வாங்குகிறேன். மரி கொலினே என்னை மன்னிக்க வேண்டும். அதே வேலைக்கு 1879 வாக்கில் பெர்லினில் கண் மருத்துவர் ஹிர்ஷ்பர்க் மின்காந்தம் செய்தார், 1892இல் சூரிச்சில் ஹாப் ராட்சதக் காந்தமே செய்தார். யோசனை மரியுடையதேதான், பலம்தான் கூடியது.

11 மே

முடிந்துபோன இழை என்று நினைத்திருந்தேன். ஒரு சின்னச் சேர்க்கை.

அப்பாவுக்கு முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தார்கள். ஸ்கேன் சென்டரில் ஃபாரம்: பேஸ்மேக்கர் உண்டா, கிளிப் உண்டா, உலோக வேலை செய்ததுண்டா, கண்ணில் எப்போதாவது தூள் விழுந்ததுண்டா. அப்பா எல்லாவற்றுக்கும் இல்லை என்று டிக் போட்டுவிட்டு, சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் வாங்கிப் பார்த்துக் கடைசி ரெண்டையும் அடித்துத் திருத்தினேன்.

"அது கன்மெட்டல்னு சொன்னனே சாமி."

டெக்னீசியன் பையன் சிரித்தான். "ஐயா, மத்த நாளெல்லாம் என்ன ஓட்டுனீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "வார்ப்பு இரும்பு, மைல்டு ஸ்டீலு, ஈஎன் எட்டு…"

முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றான். அந்த மெஷினுக்குள் போனால், மறந்துபோன இரும்புத் துணுக்கு ஒன்று உள்ளே இருந்தால் அதுவே நகர்ந்து கண்ணைக் கிழித்துவிடும். மேலே பாருங்க ஐயா ஒன்று, கீழே பாருங்க ஐயா ஒன்று, ரெண்டு படம். சுத்தமாக இருந்தது. உள்ளே விட்டார்கள்.

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"பேரிங் போன மெஷின் மாதிரி சத்தம். யாரும் கிரீஸ் வைக்கறதில்ல போல."